ஒரு சென்டிமீட்டர் என்றால் 2,300 கன அடி: ரேடார் நீர்மட்டக் கருவிகள் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு நீர்வளத் துறையில் ஏரிகள், நீர்த்தேக்கங்களின் நீர்மட்டத்தையும் உபரிநீர் வெளியேற்றத்தையும் கவனிக்கும் பொறியாளர்கள்

பொருள்: பருவமழைக்கு முன் ரேடார் நீர்மட்டக் கருவிகளைச் சரிபார்ப்பது

மதிப்பிற்குரியீர்,

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பும் தறுவாயில் ஓர் அடிக்குச் சுமார் 250 மில்லியன் கன அடி தண்ணீர் நிற்கிறது. அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 8.2 மில்லியன் கன அடி. நீர்வரத்தை நாம் எப்படிக் கணக்கிடுகிறோம்? வெளியேற்றுவதோடு, ஒரு மணி நேரத்தில் இருப்பு கூடியதையோ குறைந்ததையோ சேர்த்துப் பார்க்கிறோம். மட்டம் ஒரு சென்டிமீட்டர் தவறானால், அந்த ஒரு மணி நேரத்துக்கான நீர்வரத்து வினாடிக்கு ஏறத்தாழ 2,300 கன அடி தவறாகிறது. மூன்று சென்டிமீட்டர் தவறினால் 6,800-ஐத் தாண்டும். 2015 டிசம்பர் 1 இரவு இந்த ஏரியிலிருந்து திறந்த உச்ச அளவு வினாடிக்கு 29,000 கன அடி. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்று சென்டிமீட்டர் சின்னப் பிழை இல்லை.

ஏரிகளிலும் ஆற்றுப் பாலங்களிலும், மேலிருந்து மைக்ரோ அலையை அனுப்பி நீர்மட்டம் காணும் ரேடார் மட்டக் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. வரவேற்கிறோம். நள்ளிரவில், கொட்டும் மழையில், டார்ச் அடித்து அளவுகோலைப் படிப்பதை விட இது நல்லது. ஆனால் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் ‘துல்லியம் ± 2 மில்லிமீட்டர்’ என்று இருப்பதால், திரையில் தெரியும் மட்டமும் 2 மில்லிமீட்டருக்குள் சரி என்று ஆகிவிடாது. எங்கெங்கே அது நழுவும், ஏன் நழுவும், எப்படிப் பிடிப்பது என்பதைச் சொல்லவே இந்த மடல்.

ரேடார் மட்டத்தை அளப்பதில்லை. தன் முகத்துக்கும் கீழே உள்ள ஏதோ ஒன்றுக்கும் இடையேயான தூரத்தை மட்டுமே அளக்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ தண்ணீர்தான் என்பதும், அந்த முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் நாம் சொல்லிக் கொடுப்பவை. மைக்ரோ அலை போய்த் திரும்பும் நேரத்தில் ஒரு நானோ வினாடி என்பது 15 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் வேண்டுமானால் 67 பிக்கோ வினாடியைப் (ஆயிரம் பிக்கோ வினாடி ஒரு நானோ வினாடி) பிரித்தறிய வேண்டும். அதை நேரடியாக அளக்காமல், அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே அலையை அனுப்பி, திரும்பி வரும் அலைக்கும் அந்தக் கணம் வெளியேறும் அலைக்கும் உள்ள அதிர்வெண் வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். 80 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பெரும்பாலும் இந்த வகை. 4 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதிர்வெண்ணை ஏற்றினால், ஒன்றுக்கொன்று 3.75 சென்டிமீட்டர் தள்ளியுள்ள இரண்டு எதிரொலிகளைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். தனியாக நிற்கும் ஒரே எதிரொலியின் உச்சியை மில்லிமீட்டர் அளவுக்குக் குறிக்கலாம். விவரத்தாளின் 2 மில்லிமீட்டர் இந்த இரண்டாவது நிலைக்குரியது. தண்ணீரின் எதிரொலியோடு வேறொன்று கலந்துவிட்டால் அந்த உறுதிமொழி போயிற்று.

ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி விலை குறைவு என்று அதன் பக்கம் சாயவேண்டாம். ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் மாறும். பத்து மீட்டர் தூரத்தில் 20 டிகிரி வேறுபாடு, திருத்தம் இல்லையென்றால், 35 சென்டிமீட்டர் பிழை. கருவிக்குள் வெப்பமானி இருக்கிறதே என்பார்கள். வெயிலில் காய்ந்த பாலத்துக்கு அடியில் உள்ள காற்றும் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்றும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை. ரேடாருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மழையும் பெரிய தடையல்ல: மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டினாலும் பத்து மீட்டர் தூரத்தில் போக, வர இழப்பு ஒரு டெசிபலைத் தாண்டாது.

இனி நிறுவும் இடம். பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது.

உபரிநீரைத் திறந்துவிடும் ஷட்டர்களுக்கு மேலே உள்ள நடைபாலம் கண்ணுக்கு வசதியான இடம். கைப்பிடி இருக்கும், மின்சாரம் இருக்கும், ஆள் போய்வரலாம். மட்டம் அளக்க அதைவிட மோசமான இடம் வேறில்லை. ஷட்டர் திறந்ததும் அங்கே தண்ணீர் வேகமெடுக்கும். வேகமெடுக்கும் தண்ணீரின் மேற்பரப்பு தாழும்: வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு 5 சென்டிமீட்டர், 2 மீட்டர் வேகத்துக்கு 20 சென்டிமீட்டர். ஏரி அப்படியே இருக்க, கருவிக்குக் கீழே மட்டும் 5 சென்டிமீட்டர் இறங்கினால், கணக்குப் பதிவேட்டில் 41 மில்லியன் கன அடி மாயமாகிவிடும். அந்த ஒரு மணி நேரத்து நீர்வரத்து வினாடிக்கு 11,000 கன அடிக்கு மேல் குறைத்துக் காட்டப்படும். ஷட்டரைத் திறக்கும்போதெல்லாம் நீர்வரத்து ‘குறைகிறது’, மூடும்போதெல்லாம் ‘கூடுகிறது’ என்று வரைபடம் காட்டினால், அதை ஏரியின் குணம் என்று நினைக்காதீர்கள். கருவி இருக்கும் இடத்தின் குணம் அது. ஷட்டர் தூணில் பெயின்ட் அடித்த அளவுகோலும் இதே பள்ளத்தில்தான் நிற்கிறது என்பதால், அதோடு ஒப்பிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவு கட்டவும் முடியாது.

நீர் எடுக்கும் கோபுரம், அல்லது உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்தும் ஷட்டர்களிலிருந்தும் விலகிய கரையிலிருந்து நீட்டிய சிறு பாலம் நல்ல இடங்கள். ஏற்கெனவே நடைபாலத்தில் மாட்டியாகிவிட்டது என்றால் ஒரு சோதனை போதும்: ஷட்டர் திறப்பதற்கு முன்பும் அரை மணி நேரம் கழித்தும், தொலைவில் உள்ள இன்னொரு அளவுகோலோடு வேறுபாட்டைக் குறியுங்கள். இரண்டு வேறுபாடுகளும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை.

காற்றும் ஏரியைச் சாய்க்கும். புயல் நேரத்தில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று, 4 மீட்டர் சராசரி ஆழமுள்ள நீர்ப்பரப்பின் மீது 6 கிலோமீட்டர் நீளத்துக்கு வீசினால், காற்று தள்ளும் கரையில் மட்டம் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் உயரும். எதிர்க்கரையில் இறங்கும். நம் ஏரிகள் அகலமானவை, ஆழமற்றவை என்பதால் இது இங்கே கூடுதலாகவே இருக்கும். ஒரே ஒரு கருவி வைத்திருப்பவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பெரிய ஏரிகளில் எதிரெதிர்க் கரைகளில் இரண்டு கருவிகளை வைத்துச் சராசரி எடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

கருவி கீழே அனுப்பும் அலைக் கற்றையின் அகலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 26 கிகாஹெர்ட்ஸில் 80 மில்லிமீட்டர் கொம்பு ஆன்டெனா கிட்டத்தட்ட 10 டிகிரிக்கு விரியும். 12 மீட்டர் கீழே அது 2.1 மீட்டர் விட்டமுள்ள வட்டம். 80 கிகாஹெர்ட்ஸில் 4 டிகிரி கற்றை அதே தூரத்தில் 84 சென்டிமீட்டர்தான். சுவர், ஏணிப்படி, குப்பைத் தடுப்புக் கம்பி எதுவும் அந்த வட்டத்துக்குள் வரக்கூடாது. ஏரி வற்றும்போது தூரம் கூடும், வட்டமும் விரியும். அதனால் நிரம்பிய ஏரியைப் பார்த்து, கருவியை வெளியே நீட்டித் தாங்கும் கையின் நீளத்தை முடிவு செய்தால், கோடையில் கருவி படிக்கட்டை அளந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் காட்டும் எண் நகராமல் நின்றால் முதல் சந்தேகம் இதுதான். பொய் எதிரொலியைக் கருவிக்குக் ‘கற்றுக்கொடுத்து’ மறைக்கும் வசதி உண்டு. ஆனால் அதை நீர்மட்டம் மிகக் குறைவாக இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஏரி நிரம்பியிருக்கும்போது செய்தால், கருவி உண்மையான தண்ணீரையே மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

கருவி செங்குத்தாகப் பார்க்க வேண்டும். ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். 12 மீட்டர் தூரத்தில் 2 டிகிரி சாய்வு 7 மில்லிமீட்டர் பிழைக்கு இடம் தரும், 5 டிகிரி 46 மில்லிமீட்டருக்கு. இதைவிடப் பெரிய தீங்கு, கண்ணாடி போல் நிற்கும் நீர்ப்பரப்பு எதிரொலியை வேறு பக்கம் தள்ளிவிடுவது. காற்றில்லாத அதிகாலையில் மட்டும் அளவு குதிக்கிறது, பகலில் சரியாகிவிடுகிறது என்றால் சாய்வைப் பாருங்கள்.

ஆகாயத்தாமரை தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஈரம் நிறைந்த இலை ரேடாருக்கு நல்ல எதிரொலிப்பான். செடி 30 சென்டிமீட்டர் நிமிர்ந்து நின்றால், கருவி தண்ணீருக்கும் இலை நுனிக்கும் நடுவே எங்கோ ஒரு இடத்தைப் பிடிக்கும். காற்று மாறிச் செடிக்கூட்டம் நகர்ந்தால் அரை மணியில் ஏரி ஓர் அடி இறங்கியதாகக் காட்டும். எந்த மென்பொருள் வடிகட்டியும் இதை முழுதாகச் சரிசெய்யாது. கருவிக்குக் கீழே நான்கைந்து மீட்டர் அகலத்துக்கு மிதவைத் தடுப்பு கட்டி, அந்த இடத்தைத் துப்புரவாக வைத்துக்கொள்வதே வழி. நீரில் நிறுத்திய குழாய்க்குள் அளந்தால் செடி வராதே என்று சிலர் யோசிப்பார்கள். குழாய்க்குள் மைக்ரோ அலை வெளியில் செல்லும் வேகத்தில் செல்வதில்லை. குழாயின் உள்விட்டத்தைக் கருவிக்குச் சொல்லாவிட்டால் பிழை தூரத்தோடு வளரும். வெல்டிங் பிசிறுகளும் பக்கத் துளைகளும் தனித்தனி எதிரொலி தரும். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கொம்பு ஆன்டெனாவுக்குள் குளவி கூடு கட்டும், சிலந்தி வலை பின்னும், வலையில் பனித்துளி தங்கும். தட்டை முகமுள்ள கருவிக்கு இந்தச் சிக்கல் குறைவு.

அடுத்தது பூஜ்யம். கருவி அளந்த தூரத்தை எந்த உயரத்திலிருந்து கழிக்கிறோம் என்பது. இதில் பிழை வந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. உயரம் தெரிந்த நிலைப்புள்ளியான பெஞ்ச் மார்க்கிலிருந்து, மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை வைத்து, கருவியின் அளவுத் தொடக்கப் புள்ளி வரை மட்டத்தைக் கொண்டு வாருங்கள். அந்தப் புள்ளி சில கருவிகளில் விளிம்பு வளையத்தின் அடிப்பக்கம், சிலவற்றில் லென்ஸின் முகம். கையேட்டைப் பார்க்காமல் ஊகித்தால் பல சென்டிமீட்டர் போய்விடும். திரும்பவும் பெஞ்ச் மார்க் வரை அளந்து வந்து, போன மட்டக் கோட்டை மூடுங்கள். மூடும் பிழை, அதாவது தொடங்கிய எண்ணுக்கும் திரும்பி வந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, 5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மீண்டும் செய்யுங்கள். கைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை எழுதிவிடாதீர்கள். ஜிபிஎஸ் அடிப்படையில் அளப்பது, பூமியின் வடிவத்துக்காகக் கணிதத்தில் வைத்துக்கொண்ட நீள்வட்டப் பரப்பிலிருந்து. தமிழகக் கரையில் கடல்மட்டப் பரப்பு அதற்கு 80 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கடல்மட்டப் பரப்பின் கணித மாதிரி ஒன்றை வைத்துத் திருத்தியே கருவி காட்டுகிறது, அந்தத் திருத்தம் சென்டிமீட்டருக்குள் வராது.

அடியும் அங்குலமும் இன்னொரு குழி. 21.6 அடி என்பது 21 அடி 6 அங்குலம் அல்ல, 21 அடி 7.2 அங்குலம். அளவுகோலை அங்குலத்தில் படித்துத் தசமமாகப் பதிவிட்டால் 1.2 அங்குலம், அதாவது 3 சென்டிமீட்டர் போச்சு. மேலே சொன்ன 6,800 கன அடி இதுவேதான். கருவி மீட்டரில் பேசுகிறது, கொள்ளளவு அட்டவணை அடியில் பேசுகிறது, ஏரியில் அளவு படிக்கும் பணியாளரான லஸ்கர் அடி-அங்குலத்தில் சொல்கிறார். மூன்றையும் ஒரே படிவத்தில் தனித்தனிக் கட்டங்களில் எழுத வைப்பதைத் தவிர வேறு மருந்து தெரியவில்லை.

சரிபார்க்கும் முறை இது. காற்றில்லாத காலை நேரம், ஷட்டர்கள் மூடியிருக்க வேண்டும். அளவுகோலைப் பத்து முறை, அரை நிமிடத்துக்கு ஒரு முறை படித்துச் சராசரி எடுங்கள். அதே ஐந்து நிமிடத்துக்குக் கருவியின் சராசரியை எடுங்கள். கருவியின் முகத்திலிருந்து எஃகு நாடாவை இறக்கி நேரடித் தூரத்தையும் ஒருமுறை பாருங்கள். இதைத் தாழ்ந்த மட்டம், நடு மட்டம், உயர்ந்த மட்டம் என்று மூன்று நிலைகளில் வருடத்தில் செய்ய வேண்டும். ஒரே நாளில் முடியாது என்பது தெரியும். மூன்றிலும் வேறுபாடு ஒரே எண்ணாக இருந்தால் பூஜ்யத்தில் பிழை, எண்ணைத் திருத்தினால் முடிந்தது. தூரம் கூடக் கூட வேறுபாடு வளர்ந்தால் சாய்வு, குழாய் அல்லது அளவீட்டு வீச்சுத் தவறு. ஒரு நிலையில் மட்டும் குதித்தால் அங்கே பொய் எதிரொலி. மூன்று அளவில் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம், ஒன்றில் எதுவுமே தெரியாது.

கம்பி வழியும் பிழை வரும். அளவை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் 4–20 மில்லி ஆம்பியர் வெளியீட்டில் 15 மீட்டர் வீச்சை வைத்தால், 0.1 சதவீதச் சறுக்கலே 15 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் கருவியை வாங்கி இந்தக் கம்பியில் கட்டுவது, பொன் நிறுக்கும் தராசை வாங்கி அதில் புளி மூட்டையை நிறுப்பது போல. எஸ்டிஐ-12 அல்லது ஆர்எஸ்-485 என்ற எண்வழி இணைப்பு வழியாக அளவை எண்ணாகவே எடுங்கள். இடி தாக்காமலிருக்க, கம்பியின் இரு முனையிலும் மின்னல் தடுப்பான் வேண்டும். மின்கலத்தைப் பொறுத்தவரை சராசரி 50 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. வெயிலே தெரியாத பத்து நாளுக்கு 12. பழைய மின்கலம் பாதிதான் தாங்கும் என்று வைத்தால் 24. கொஞ்சம் கூடுதலாக 42 ஆம்பியர்-மணி போடுவது மிகையல்ல. 2015 வெள்ளத்தில் சென்னையில் கைபேசிக் கோபுரங்கள் ஊமையானதை எல்லோரும் பார்த்தோம். கைபேசி வலையமைப்பில் ஓடும் ஜிபிஆர்எஸ் ஒன்றை மட்டும் நம்பாமல் இன்சாட் செயற்கைக்கோள் வழியும் வேண்டும்.

மிக முக்கியமான ஒரு அமைப்பு பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. எதிரொலி தொலைந்தால் கருவி என்ன சொல்ல வேண்டும் என்பது. ‘கடைசி அளவையே பிடித்துவை’ என்ற அமைப்பில் விட்டுவிட்டால், ஏரி ஏறிக்கொண்டிருக்கும்போது திரையில் நேர்கோடு ஓடும். பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார். ‘பிழை’ என்று வெளிப்படையாகச் சொல்லும் அமைப்புக்கு மாற்றுங்கள். மட்டத்தோடு எதிரொலியின் வலிமையையும் டெசிபலில் பதிவு செய்யுங்கள். அளவு கெடுவதற்கு முன்பே அது இறங்கத் தொடங்கும்.

ஒரே உயரமானியை நம்பியதன் விலையை விமானத் துறை அறியும். விமானங்களின் ரேடியோ உயரமானியும் இதே முறையில், 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாம் அருகே இறங்கிக்கொண்டிருந்த துருக்கி ஏர்லைன்ஸ் விமானத்தில், ஏறத்தாழ 1,950 அடி உயரத்தில் இடப்பக்க உயரமானி மைனஸ் 8 அடி என்று காட்டியது. தானியங்கி விசைக் கட்டுப்பாடு அதை நம்பி, தரை வந்துவிட்டது என்று எஞ்சினைத் தணித்தது. வலப்பக்க உயரமானி சரியாகவே இருந்தது. யாரும் அதைக் கேட்கும்படி அமைப்பு இல்லை. ஒன்பது பேர் இறந்தனர். ஷட்டர்களை மட்டக் கருவியோடு தானாக இணைக்கும் திட்டம் எங்காவது பேசப்பட்டால், இரண்டு கருவிகளும் ஒத்துப்போகாதபோது ஆளைக் கூப்பிடு என்ற விதி அதில் முதலில் எழுதப்பட வேண்டும்.

கணக்கிடும் இடத்திலும் கொஞ்சம் பொறுமை தேவை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இரண்டு அளவுகளைக் கழித்து நீர்வரத்தைப் பார்த்தால், வெறும் 3 மில்லிமீட்டர் ஆட்டம் வினாடிக்கு 2,700 கன அடியாகத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு எடுத்தால் அதே ஆட்டம் 700-க்குள் அடங்கும். ஆகவே வினாடிக்கு ஒரு அளவு எடுத்து, ஒரு நிமிடத்தின் நடு மதிப்பைப் பதிவு செய்து, ஒரு மணி நேரப் புள்ளிகளின் ஊடே கோடு இழுத்து அதன் சரிவைப் பயன்படுத்துங்கள். அவசரத்தில் 15 நிமிடக் கணக்கு வேண்டுமென்றால், ஏரிக்கு மேலே உள்ள கால்வாய் அளவுகளையும் மழைமானிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டல் சேர்ந்து கொள்ளளவு அட்டவணையே பழசாகியிருக்கலாம் என்பது வேறு கதை. அதை ரேடார் சொல்லாது.

வானத்திலிருந்தும் ஒரு சாட்சி கிடைக்கிறது. நாசாவும் பிரான்ஸின் விண்வெளி மையமும் 2022 டிசம்பர் 16 அன்று ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள், ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏரிகளின் மட்டத்தை 10 சென்டிமீட்டருக்குள் அளக்கும் நோக்கம் கொண்டது. பாதை 21 நாளுக்கு ஒருமுறை திரும்பும். வெள்ளத்துக்கு உதவாது. ஆனால் இரண்டு நாட்களுக்கிடையே அது காட்டும் ஏற்ற இறக்கத்தை உங்கள் கருவி காட்டும் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால், பூஜ்யத்தை யாராவது சொல்லாமல் மாற்றியிருந்தால் தெரிந்துவிடும். தரவு இலவசம்.

எங்கள் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 1-க்குள் ஒவ்வொரு கருவிக்கும் சரிபார்ப்புத் தாள் ஒன்று எழுதப்பட வேண்டும். தேதி, அளவுகோல் சராசரி, கருவிச் சராசரி, எஃகு நாடா அளவு, பூஜ்ய மட்டம், கடைசியாகத் திருத்தியவர், திருத்தும் முன்பும் பின்பும் இருந்த எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பொதுமக்களுக்கு வெளியிடும் பட்டியலில் மட்டத்தோடு கருவியின் மூல தூரமும் எதிரொலி வலிமையும் இடம்பெற வேண்டும். டெண்டரில் துல்லிய எண்ணோடு, கற்றை 8 டிகிரிக்கு மிகாமை, எண்வழி வெளியீடு, எதிரொலி இழந்தால் பிழைக் குறியீடு, நிறுவியபின் மூன்று மட்டங்களில் களச் சோதனை ஆகியவை எழுதப்பட வேண்டும். மூன்றாம் சோதனை முடியும் வரை கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாம். கருவி வந்துவிட்டது என்று அளவுகோலை அழியவிட வேண்டாம். ஆண்டுக்கொரு முறை பெயின்ட் அடித்து, இரவில் விளக்கு வெளிச்சம் விழும்படி வைத்து, காலை 6 மணி அளவை லஸ்கரே படித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
நீர்மட்டக் கருவிகளோடு புழங்கும் சிலர்